‘ஸீரோ டிலே’ ஆர்க்கேட் கிட்: பொத்தான் தேறுது, போர்ட் தேறவில்லை

ஆர்க்கேட் விளையாட்டுக் கொன்ட்ரோலரை வீட்டிலேயே செய்ய, ஒன்லைனில் ‘ஸீரோ டிலே’ (தாமதமே இல்லை) என்று விற்கும் கிட்டில் வழக்கமாக ஒரு ஜோய்ஸ்ரிக், 30 மில்லிமீற்றர் பொத்தான் எட்டு, 24 மில்லிமீற்றர் பொத்தான் இரண்டு, அழுத்தியதைக் கம்பியூட்டருக்குச் சொல்லும் என்கோடர் போர்ட், வயர்கள், யூஎஸ்பி கேபிள் இருக்கும். பெட்டி வராது. யாழ்ப்பாணத்தில் இதை வாங்குகிறவருக்குப் பாதி வேலை தச்சுப் பட்டறையில்தான்.

பொத்தான்கள் ஜப்பானின் சன்வா நிறுவனத்தின் ஓபிஎஸ்எஃப்-30 மாதிரியைப் பார்த்துச் செய்த நகல். ஓரத்தில் அழுத்தினால் ஒன்றிரண்டு சிக்கும். ஆனால் அளவு ஒன்றே. பிறகு அசலை வாங்கி அதே ஓட்டையில் மாட்டலாம்.

பலரும் பிழைவிடுவது மேற்பலகையில். இவை கிளிப் பொத்தான்கள். 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புக்குத்தான் கிளிப் பிடிக்கும். 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் ஓட்டை போட்டால் கிளிப் விரிய இடமில்லாமல் பொத்தான் ஆடிக்கொண்டே நிற்கும். பெயர்ப்பலகை அடிக்கும் கடையில் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் வெட்டுத்துண்டு கேளுங்கள். பிளைவூட்டைச் சட்டமாக வைத்து, பொத்தான் வரும் பகுதியைப் பெரிதாக வெட்டி எடுத்துவிட்டு, மேலே அக்ரிலிக்கைப் பூட்டினால் சரி. பனம்பலகையில் செய்யும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், ஹோல்சோ (வட்ட ஓட்டை போடும் வாள்) நாரைப் பிய்த்து ஓரத்தை முள்முள்ளாக்கிவிடும்.

அக்ரிலிக்கின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, அடியில் கழிவுப் பலகை வைத்து, மெதுவான வேகத்தில் துளையுங்கள். வேகம் கூடினால் உருகி ஒட்டும், பிறகு வெடிக்கும். பொத்தானின் விளிம்பு ஏறக்குறைய 33 மில்லிமீற்றர் என்பதால் மையத்துக்கு மையம் 36க்குக் குறையக் கூடாது. பெட்டியின் உள்ளாழம் 60 மில்லிமீற்றர் இருந்தால் ஜோய்ஸ்ரிக்கின் அடி தட்டாது.

வயர் முனைகள் 2.8 மில்லிமீற்றர் சொருகிகள். சொருகும்போது பொத்தானின் தகடு சில வேளை முனைக்குள் போகாமல், முனைக்கும் அதன் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவே நுழைந்துவிடும். பார்க்க மாட்டியது போலவே இருக்கும், விளையாடும்போது விட்டுவிட்டு வேலை செய்யும். ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பாருங்கள். தகட்டில் நேரடியாக ஈயம் பற்ற வைத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும்.

இனி போர்ட். டிலே ஸீரோ என்பது பெயரில் மட்டும்தான். பழைய சுடும் விளையாட்டுகளுக்கு இது தாராளம். சண்டை விளையாட்டில் ஒரு பிரேம் (திரையில் வரும் ஒரு படம்) 16.7 மில்லிசெக்கன், அங்கே கை போட்ட அடி பிந்தித் திரையில் வருவது தெரியும். பிளேஸ்டேஷன் 4, 5 இதை ஏற்காது. ‘ஓட்டோ’ என்று குறித்த சொக்கெட்டில் சாதாரணப் பொத்தானைச் சொருகினால் டர்போ (ஒரு அழுத்தலைப் பல அடியாக்கும் வசதி) மாறி, கொன்ட்ரோலர் பேய் பிடித்தது போலத் தானே அடிக்கத் தொடங்கும். பெட்டியை மூடும் முன் விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர் சாளரத்தில் சோதியுங்கள். திசை தலைகீழாக வந்தால் ஜோய்ஸ்ரிக்கை 180 பாகை திருப்பிப் பூட்டினால் போதும்.

போர்டைக் கழற்றிவிட்டு ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டைப் போடுவதே நல்ல வழி. பிக்கோவில் உள்ள பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டு கம்பியூட்டரில் சொருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். பிக்கோவைக் கொன்ட்ரோலராக்கும் மென்பொருளான ஜிபி2040-சிஇ யின் யூஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போடுங்கள். மேல், கீழ், வலது, இடது முறையே ஜிபி2, 3, 4, 5 என்ற பின்களுக்கு. பொத்தான்களின் மறுமுனைகள் எல்லாம் ஒரே கிரவுண்ட் வயரில் கோத்து வரும். வரிசையில் ஒரு பொத்தானும் அதற்குப் பின்னால் உள்ளவையும் ஒன்றாகச் செத்தால், அந்த இடத்துச் சொருகிதான் கழன்றிருக்கும். பிக்கோவின் பின்களுக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும், 5 வோல்ட்டைத் தொட விடாதீர்கள்.

ஆக, ஒரு ஆளுக்கு இந்த கிட்டை வாங்கலாம். இரண்டாவது ஆளுக்குப் பொத்தானும் ஜோய்ஸ்ரிக்கும் தனியாக வாங்கிப் பிக்கோவோடு சேர்ப்பதே மேல். எதை வாங்கினாலும் யூஎஸ்பி கேபிளைப் பெட்டிக்குள் ஒரு கேபிள் ரை போட்டு இறுக்கிவிடுங்கள். பிள்ளைகளின் கால் தட்டினால் முதலில் பிய்வது போர்டின் சொக்கெட்.