புதிர் விளையாட்டின் அட்டைப்படம்: ஓவியமா, புதிரின் ஒரு துண்டா?

சிறிய குழுவாகவோ தனியாகவோ புதிர் விளையாட்டு உருவாக்குபவர்களுக்கு, கடைப் பக்கத்தின் அட்டைப்படத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஓவியர் ஒருவரை அமர்த்தி, கதாபாத்திரத்தையோ விளையாட்டின் உலகத்தையோ முழு வண்ணத்தில் தீட்டச் சொல்லலாம். அல்லது புதிரிலிருந்தே ஒரு துண்டை எடுத்து, பெரிதாக்கி, அட்டைக்கென்று புதிதாக வரையலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். என்னுடையது, கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி ஒளிக்கற்றையை இலக்கில் சேர்க்கும் கட்டப் புதிர். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றில் நேரம் செலவிட வேண்டாம். பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். படம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையின் பின்னணி கருநீலம் என்பதால், அடர்நீலப் படம் அங்கே அமிழ்ந்துபோகும். விருதுச் சின்னம், விமர்சகர்களின் மதிப்பெண், தள்ளுபடி அறிவிப்பு எதையும் அட்டையில் போடக் கூடாது என்று ஸ்டீம் 2022 செப்டம்பர் முதல் விதித்திருக்கிறது. விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வமான துணைத்தலைப்பு இருந்தால் அதுவும், அவ்வளவுதான் அனுமதி. விளையாட்டின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே எடுத்து மேலே பெயரை ஒட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. பன்னிரண்டு கட்டத்துக்குப் பன்னிரண்டு கட்டம் என்று விரியும் பலகை, சுருங்கும்போது வெறும் புள்ளிக் கோலமாகிவிடும்.

ஓவியத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மனித முகமோ விலங்கின் கண்களோ இருந்தால் பார்வை தானாக அங்கே போகிறது. கதையோடு பின்னப்பட்ட புதிர்களுக்கும், ஒரு பாத்திரத்தை நடத்திச் சென்று தீர்க்கும் புதிர்களுக்கும் அதுவே நேரான வழி. 2014இல் வந்த மான்யுமென்ட் வேலியில் மாயக் கட்டடங்களின் நடுவே நடக்கும் இளவரசி ஐடா விளையாட்டிலேயே இருக்கிறாள். அவளை முன்னிறுத்துவதில் பொய் ஏதும் இல்லை. பாத்திரமே இல்லாத புதிருக்கு, அட்டைக்காக மட்டும் ஒரு சிறுமியையோ மந்திரவாதியையோ உருவாக்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த முகத்தை நம்பி வந்தவர் உள்ளே கட்டங்களை மட்டும் கண்டால், பக்கத்தை மூடிவிட்டுப் போவார். அவர்மீது குறை சொல்ல முடியாது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இதுவும் அல்ல, செலவும் அல்ல. ஒரு படத்தை எத்தனை வடிவங்களில் மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான். ‘அட்டைப்படம்’ என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, ஸ்டீம் கேட்பது ஒரு குடும்பத்தையே. பக்கத்தின் தலைப்பில் வரும் படம் 920×430 பிக்சல். முகப்பில் பெரிதாக வருவது 1232×706. பட்டியல்களில் வரும் சிறியது 462×174. நெட்டாக நிற்பது 748×896. வாங்கியவரின் நூலகத்துக்கு 600×900. நூலகப் பக்கத்தின் மேலே விரியும் படம் 3840×1240; அதில் எழுத்தே இருக்கக் கூடாது, லோகோவைத் தனியாகத் தர வேண்டும். சிறு விளையாட்டுகள் நிறைய வெளியாகும் இட்ச் தளத்துக்கு 630×500. கூகுள் பிளேவுக்குப் போனால் 512×512 சதுரமும் 1024×500 பட்டையும் சேரும்.

இவற்றில் சிறிய படம்தான் எமன். பட்டையாக நீண்ட அந்தப் படத்தை ஸ்டீம் இன்னும் சுருக்கி 120×45 வரை கொண்டுபோகிறது. கட்டைவிரல் நகத்தளவு இடம். அங்கே பெயர் ஏறத்தாழ முழு இடத்தையும் அடைத்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் மூலையில் ஒரே ஒரு விஷயம் தெரியலாம். தேடல் முடிவுகளிலும் பட்டியல்களிலும் கடைக்கு வருபவர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் இந்தச் சிறுபடத்தைத்தான். முகப்பில் விரியும் அழகான பெரிய படத்தைப் பார்க்கும் வாய்ப்பு, அநேகமான சிறு விளையாட்டுகளுக்கு அமைவதே இல்லை.

நன்றாக அமைந்த ஓவியத்தில் ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். பாத்திரத்தின் கை நீளும் திசை, பின்னால் கோபுரத்தின் சாய்வு, ஒளி விழும் பக்கம் எல்லாம் ஒரு சட்டத்துக்குள் கணக்குப் பார்த்து வைத்தவை. அகலமான படத்தை நெட்டாக்கினால் கோபுரம் போய்விடும். பட்டையாக்கினால் தலை வெட்டுப்படும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓவியரிடம் திரும்பப் போக வேண்டும். பெயரைச் சீன மொழியிலோ ஜப்பானிய மொழியிலோ மாற்றி வெளியிட்டால், எழுத்தின் அகலம் மாறும். மறுபடியும் இடம் ஒதுக்க வேண்டும். வெளியீட்டுக்குப் பிறகு பெரிய புதுப்பிப்பு வந்தால், அதைச் சொல்லும் படத்தை ஸ்டீமில் ஒரு மாதம் வரை தற்காலிகமாக மாற்றி வைக்கலாம். நல்ல வசதி. ஆனால் அப்போது ஓவியர் வேறு வேலையில் இருந்தால் அந்த வசதியால் பயனில்லை.

புதிரின் துண்டு இப்படி அடம்பிடிப்பதில்லை. என் அட்டையில் இருப்பவை நான்கே நான்கு: அடர்சிவப்பு வெளி, மஞ்சள் ஒளிக்கற்றை, சாய்ந்து நிற்கும் கண்ணாடிகள், பெயர். அகலமான வடிவத்தில் ஒளி இடமிருந்து வலமாக ஓடி, கண்ணாடியில் பட்டு, பெயருக்குக் கீழே கோடாகப் போகிறது. நெட்டான வடிவத்தில் அதே கண்ணாடியைத் திருப்பினேன். ஒளி கீழ்நோக்கி மடங்கிவிட்டது. விளையாட்டின் விதியே வடிவமைப்பின் விதியாகிவிட்டதால், எந்தப் படச்சட்டத்தைக் கொடுத்தாலும் அதற்கேற்ப ஒளியை வளைக்க முடிகிறது. சிறுபடத்தில் கண்ணாடிகளை எடுத்துவிட்டேன். பெயரின் கடைசி எழுத்தில் ஒளி வந்து மோதுகிறது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் பெரிய படத்தைப் பார்த்தவருக்கு அது அதே விளையாட்டு என்று உடனே தெரிகிறது. 2015இல் வெளிவந்த மினி மெட்ரோவும் இதே இனம்: சுரங்க ரயில் வரைபடம் போன்ற வண்ணக் கோடுகள்தான் விளையாட்டு, அவையேதான் அதன் முகமும்.

துண்டை எடுக்கும்போது எந்தக் கணத்தை எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. தீர்ந்த புதிரைக் காட்டாதீர்கள். எல்லாம் இடத்தில் அமர்ந்துவிட்ட பலகை ஒழுங்காகத் தெரியும், ஆனால் அதில் பார்ப்பவருக்கு வேலையில்லை. ஒரே ஒரு நகர்த்தல் பாக்கியிருக்கும் கணத்தை எடுங்கள். என் பெரிய படத்தில் ஒளிக்கற்றை இலக்குக்கு ஒரு கட்டம் தள்ளிப் போகிறது. அருகிலிருக்கும் கண்ணாடி தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது. பார்ப்பவரின் விரல் அதைத் திருப்பப் பரபரக்க வேண்டும். புதிர்ப் பிரியர்களை இழுப்பது அந்தப் பரபரப்புதான் என்று நம்புகிறேன்.

எழுத்தை மட்டும் நம்பும் மூன்றாவது வழி, பெயருக்குள்ளேயே புதிர் இருந்தால்தான் பலிக்கும். 2019இல் வந்த பாபா இஸ் யூ அதற்குச் சரியான உதாரணம். சொற்களைத் தள்ளி விதிகளை மாற்றுவதுதான் அந்த விளையாட்டு. அதன் பெயரே அதற்குள் வரும் ஒரு விதி. அப்படியொரு பெயர் எல்லோருக்கும் வாய்க்காது. வாய்த்தவர்கள் தயங்காமல் அந்த வழியில் போகலாம்.

என் சாய்வுக்கு எல்லை இருக்கிறது. கன்சோல் கடைகளில் நான் எதையும் வெளியிட்டதில்லை. தொலைக்காட்சித் திரையில் தூரத்திலிருந்து பார்க்கும்போது முகமுள்ள ஓவியம் முந்திக்கொள்ளக்கூடும். மொபைலில் ஐகான்தான் அட்டை, அதில் பெயருக்கு இடமே இல்லை. அங்கே துண்டு எடுபடும் என்று தோன்றுகிறது, ஆனால் கூகுள் பிளே தரும் ஒப்பீட்டுச் சோதனைக் கருவியில் இரண்டையும் மோதவிட்டுப் பார்க்காமல் என் பேச்சை நம்ப வேண்டாம். ஸ்டீமில் அப்படி ஒரு கருவி கிடையாது. எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கு கிடைக்கும். எனக்கு அந்த விகிதம் திருப்தியாகவே இருக்கிறது. அதே காலத்தில் தள்ளுபடியோ விழாவோ நடந்திருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் படம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஓவியமே வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள், ஒப்பந்தத்திலேயே இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரம், முன்னணி, பின்னணி, பெயர் எல்லாம் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்த மூலக்கோப்பு. அதை நீங்களே மாற்றி அமைக்கும் உரிமை. பின்னணியைச் சட்டத்துக்கு வெளியேயும் நாலாபக்கமும் தாராளமாக வரைந்து தரச் சொல்லுங்கள். முதல் கோட்டோவியம் வந்ததும், வண்ணம் தீட்டத் தொடங்கும் முன், அதை 120×45க்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையாக்கி, கருநீலப் பின்னணியில் வேறு பத்துப் படங்களோடு கலந்து வைத்துப் பாருங்கள். உங்களுடையதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், அந்தக் கட்டத்திலேயே ஓவியரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது மாற்றுவது அவருக்கும் எளிது.