ஸ்க்ரமா, கான்பானா? முதலில் வேலை எப்படி வருகிறது என்று பாருங்கள்

ஸ்க்ரம், கான்பான் இரண்டுமே மென்பொருள் டீம்கள் தங்கள் வேலையை ஒழுங்குபடுத்தும் முறைகள். இரண்டில் எது நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அடுத்த இரண்டு வாரத்துக்கு உங்கள் டீம் என்ன செய்யப்போகிறது என்று இன்றைக்கே சொல்ல முடியுமா, இல்லை காலையில் டிக்கெட்டுகளை (பயனர்கள் பதிவுசெய்யும் புகார், கோரிக்கைகளை) திறந்தால்தான் தெரியுமா?

சொல்ல முடியும் என்றால் ஸ்க்ரம். ஒரு மாதத்தைத் தாண்டாத ஸ்பிரின்ட் என்கிற வேலைச் சுற்று, அதற்கென்று ஓர் இலக்கு, தினமும் 15 நிமிட டெய்லி ஸ்க்ரம் கூட்டம், கடைசியில் முடித்ததைக் காட்டும் ரிவ்யூவும், வேலை செய்த விதத்தை அலசும் ரெட்ரோவும். இதன் பெரிய பலம், நடுவில் யாராவது வந்து "இதையும் சேர்த்துடுங்களேன்" என்றால், எது முதலில் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் இலக்கைக் காட்டி "அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம்" என்று சொல்ல முடிவதுதான். டீமைப் பாடாய்ப் படுத்தும் ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பெண்), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்ட்டில் முடித்த மதிப்பெண்கள்) எல்லாம் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய 2020 ஸ்க்ரம் கையேட்டில் கிடையவே கிடையாது, அதற்காக ஸ்க்ரமைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் சப்போர்ட் டீமுக்கு இது ஒத்துவராது. திங்கட்கிழமை பிளானிங் முடிந்த கையோடு புரொடக்‌ஷனில் ஏதாவது விழும் (பயனர்கள் கையில் இருக்கும் சிஸ்டத்தில் கோளாறு வரும்), வெள்ளிக்கிழமை பாதி கார்டுகள், அதாவது முடியாத வேலைகள், அடுத்த ஸ்பிரின்ட்டுக்குத் தள்ளப்படும். 2004-ல் மைக்ரோசாஃப்ட்டுக்காக ஹைதராபாத்திலிருந்து பராமரிப்பு வேலை பார்த்த டீமின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான், எஸ்டிமேட் போட்டே நேரம் கரைந்தது. மேலாண்மை நிபுணர் டேவிட் ஆண்டர்சனின் யோசனைப்படி எஸ்டிமேட்டை நிறுத்தி, ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள். மென்பொருள் உலகில் கான்பான் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள்.

அந்த வரம்பில்தான் விஷயமே இருக்கிறது. கான்பான் போர்டில் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு, வேலையின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பத்தி. டெஸ்டிங் பத்திக்கு வரம்பு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கார்டு நிற்கும்போது டெவலப்பர் நான்காவதை முடித்துவிட்டால் அங்கே தள்ள முடியாது, தன் பத்தியின் வரம்பும் நிரம்பியிருந்தால் புதிதாக ஒன்றை எடுக்கவும் முடியாது, எழுந்து போய் டெஸ்டிங்கில் கை கொடுக்க வேண்டியதுதான். கணக்கும் எளிது: 12 கார்டு ஓடிக்கொண்டிருக்க, வாரத்துக்கு மூன்று முடிகிறது என்றால் ஒரு கார்டு வெளியே வர சராசரியாக நாலு வாரம், அதே வேகத்தில் ஆறு மட்டும் ஓடினால் இரண்டே வாரம்.

கான்பானுக்குக் குறை இல்லையா? இருக்கிறது. "இந்த ஒரு தடவை மட்டும்" என்று வரம்பை மீற ஆரம்பித்தால் போர்டு வெறும் சுவர் அலங்காரம். புதிய பிராடக்ட் கட்டும்போது, முடித்ததைக் காட்டியே ஆக வேண்டிய ஒரு நாள் இல்லாவிட்டால் வாரங்கள் சும்மா ஓடிவிடும், அங்கே ஸ்க்ரம்தான் சரி.

பாதி புது வேலை, பாதி சப்போர்ட் என்று இருக்கிற டீம்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது: ஸ்பிரின்ட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரம் கையேடு வரம்பு வைப்பதைத் தடுக்கவில்லை, கார்டுகள் அதிகம் தேங்கும் பத்தி எதுவோ அதற்கு மட்டும் முதலில் ஒரு வரம்பு போடுங்கள்.