.45-70க்கு பிளெயின் பேஸ் ஈய புல்லட்: அவசரம் இல்லாதவங்களுக்கு மட்டும்

காஸ் செக் இல்லாம அடிப்பக்கம் சும்மா தட்டையா இருக்கிற ஈய புல்லட், அதாவது பிளெயின் பேஸ், ரைஃபிளுக்கு ஆகாது, பேரல் முழுக்க ஈயம் அப்பிக்கும்னு இங்க அமெரிக்காவுல ரீலோடிங் (தோட்டாவை வீட்டுலயே தயாரிக்கிறது) பண்றவங்கள்ல நெறைய பேரு அடிச்சு சொல்லுவாங்க. நான் மார்லின் 1895 ரைஃபிள்ல, .45-70 காலிபர்ல, 405 கிரெய்ன் எடையுள்ள பிளெயின் பேஸ் தான் ரொம்ப நாளா போடுறேன், அவங்க சொல்றது பாதி தான் சரி. .308 மாதிரி வேகமான காலிபர்ல முழு லோடு போட்டா கண்டிப்பா அப்பும். ஆனா .45-70 பொறந்ததே இந்த புல்லட்டோட தான், 1873-ல அமெரிக்க ராணுவம் டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்குன்னு கொண்டு வந்தப்போ போட்டது 405 கிரெய்ன் ஈயமும் 70 கிரெய்ன் கருமருந்தும் தான், மேல ஜாக்கெட்டும் கெடையாது அடியில காஸ் செக்கும் கெடையாது.

காஸ் செக்குங்கிறது புல்லட்டோட அடியில மாட்டுற ஒரு குட்டி காப்பர் மூடி. பின்னாடி இருந்து வர்ற சூடான காஸ் ஈயத்தை தொடாம அது பாத்துக்கும். அது இல்லன்னா புல்லட்டே பேரலை இறுக்கி அடைக்கணும், அடைக்கலன்னா ஓரமா ஒரு இடுக்கு கெடைச்சாலும் காஸ் அது வழியா பீறிட்டு ஈயத்தை அரிச்சுக்கிட்டே போகும், அரிச்சதெல்லாம் பேரல்ல போய் ஒட்டும், அப்புறம் அஞ்சாவது ஆறாவது ரவுண்டுலயே குறி அங்கயும் இங்கயும் போக ஆரம்பிக்கும். இதுக்கு எல்லாரும் உடனே சொல்ற வைத்தியம் "இன்னும் கடினமான ஈயம் போடு". எனக்கு அது தப்பான வைத்தியமா தான் படுது. மொதல்ல பாக்க வேண்டியது சைஸ்.

ஒரு மெத்து ஈயக் கட்டியை பேரல் வழியா தட்டி வெளிய எடுத்து மைக்ரோமீட்டர்ல அளந்தா உங்க பேரல் க்ரூவ் (உள்ள சுழலா வெட்டியிருக்கிற பள்ளம்) அளவு தெரிஞ்சுடும். புல்லட் அதைவிட 0.001-ல இருந்து 0.002 இஞ்சு பெருசா இருக்கணும். க்ரூவ் .458 இருந்தா புல்லட் .459 இல்ல .460. பழைய மார்லின்ல மைக்ரோ-க்ரூவ்னு ஆழம் கம்மியான ரைஃப்லிங் (அந்தப் பள்ள வெட்டு) வரும், அதுக்கு இன்னும் கொஞ்சம் குண்டா கேக்கும். கடையில ரெடியா விக்கிற ஹார்ட் காஸ்ட் (கடினமான ஈய புல்லட்) பெரும்பாலும் 92 பங்கு ஈயம், 6 ஆன்டிமனி, 2 வெள்ளீயம், கடினத்தை அளக்கிற பிரினெல் கணக்குல 15, 16 வரும், அதுல பாதிக்கு அடி ஓரம் சரிவா சீவி இருக்கும், மெஷின் மோல்டுல இருந்து சட்டுனு விழணும்னு அப்படி பண்றாங்க. புல்லட் மேல தடவுற லூப்பும் (வழுக்கு மெழுகு) பார்சல்ல உருகாம இருக்கணும்னு மெழுகு மாதிரி கெட்டியா வெப்பாங்க. அனுப்புறதுக்கு நல்ல புல்லட், சுடுறதுக்கு சுமார் தான். மெதுவான லோடுக்கு 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், பிரினெல் 10 கிட்ட, அதுவே போதும், பிரஷர் பட்டதும் அடிப்பக்கம் லேசா விரிஞ்சு பேரலை தானா அடைச்சுக்கும்.

அதனால நான் வீட்டுலயே ஊத்துறேன். லீ கம்பெனியோட ரெண்டு குழி அலுமினிய மோல்டு கைப்பிடியோட சேர்ந்து சல்லிசா வருது, சீக்கிரம் சூடேறும், கையும் வலிக்காது. லைமன், ஆர்சிபிஎஸ் கம்பெனி மோல்டு எல்லாம் இரும்பு, கைப்பிடி தனி காசு, சூடேற நேரம் ஆகும் ஆனா பேரன் காலம் வரைக்கும் இருக்கும். மாசம் ஒரு தடவை ஊத்துறவங்களுக்கு அலுமினியமே தாராளம். 7,000 கிரெய்ன் தான் ஒரு பவுண்டு, அதனால ஒரு பவுண்டு ஈயத்துல இந்த புல்லட் 17 தான் வரும், .30 காலிபர் மாதிரி மலிவுன்னு நெனச்சுக்காதீங்க.

வெள்ளீயம் கொஞ்சம் சேத்தா மோல்டோட மூலை முடுக்கெல்லாம் நல்லா நெரம்பும் (நம்ம வீட்டு ஈயச் சொம்பும் அதே வெள்ளீயம் தான், ரசம் இல்லாம அடுப்புல வெச்சா உருகி ஓடுறது 232 டிகிரி சென்டிகிரேடுல உருகுறதால தான், காரீயத்துக்கு 327 வேணும்). பழைய வீல் வெயிட் (கார் சக்கரத்துல மாட்டுற எடைக்கட்டி) வாங்கினா துத்தநாகம் கலந்திருக்கும், அது 419 டிகிரில தான் உருகும், சட்டியை அதுக்குக் கீழயே வெச்சா மேல மிதக்கும், கரண்டியால அள்ளிடலாம். உருகி கலந்துடுச்சுன்னா அந்தச் சட்டி ஈயத்தை மறந்துடுங்க, மோல்டு சரியாவே நெரம்பாது.

ஊத்தினதுக்கு அப்புறம் தரம் பாக்குறப்போ மூக்குல லேசா சுருக்கம் இருந்தா கூட விட்டுடுவேன், ஆனா அடிப்பக்கத்துல ஒரு சின்ன குழியோ வட்டமான ஓரமோ இருந்தா திரும்ப சட்டிக்குள்ள தான். பேரல் வாயை விட்டு புல்லட்டோட அடி தான் கடைசியா வெளிய வரும், அந்த நொடி காஸ் ஒரு பக்கமா தள்ளினா புல்லட் கோணிக்கும். பிளெயின் பேஸ்ல இதை மறைக்க ஒரு காப்பர் மூடி கூட இல்ல. கேஸ் (தோட்டாவோட பித்தளைக் கூடு) வாயையும் நல்லா விரிச்சு விடுங்க, இல்லன்னா உள்ள தள்ளுறப்போ ஓரமா ஈயம் சீவிடும்.

பவுடர் அளவு நான் எழுத மாட்டேன், ரீலோடிங் மேனுவல்ல உங்க துப்பாக்கிக்கு ஏத்த பக்கத்தைப் பாருங்க, டிராப்டோர் லோடு வேற மார்லின் லோடு வேற, மாத்திப் போட்டா பழைய துப்பாக்கி உடையும். வேகம் வினாடிக்கு 1,200, 1,300 அடி வரைக்கும் என் பேரல் சுத்தமா இருக்கு. 1,500 தாண்டணும்னா பேசாம காஸ் செக் மோல்டு வாங்கிடுங்க.

சுடுறதுக்கு எப்படின்னா, தோளை ஒரு தள்ளு தள்ளும், அடிக்காது. ஓபன் சைட்ல 100 கஜத்துல உள்ளங்கை அளவுக்குள்ள விழுது, எனக்கு அது போதும். 200 கஜம் போனா ரெண்டு அடி கிட்ட கீழ எறங்கிடும், அதுக்கு வேற துப்பாக்கி. நெறைய இன்டோர் ரேஞ்சுல வெறும் ஈயத்தை உள்ளயே விட மாட்டாங்க. கலிபோர்னியாவுல 2019 ஜூலை 1-ல இருந்து வேட்டைக்கு ஈய புல்லட்டே கூடாது, அங்க இருக்கிறவங்களுக்கு ரேஞ்சுக்கு மட்டும் தான் உதவும்.

ஊத்துறது வெளில, காத்தோட்டமா, சட்டி பக்கத்துல தண்ணி பாட்டில் கூட இருக்கக் கூடாது, ஒரு சொட்டு உள்ள விழுந்தா ஆவியா வெடிச்சு ஈயம் மூஞ்சில தெறிக்கும். கண்ணாடி, கையுறை, ஷூ, முடிஞ்சதும் சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவணும். கொழந்தைங்க இருக்கிற வீட்டுல சமையல் அடுப்பு, சமையல் பாத்திரம் பக்கமே இதைக் கொண்டு போகாதீங்க. இந்தியாவுல இருந்து படிக்கிறவங்களுக்கு, 1959 ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குத்தம், அதனால இதை யாரும் வீட்டுல ட்ரை பண்ணிடாதீங்க.

வாங்குறதா இருந்தா மோல்டு நம்பரை மட்டும் ரெண்டு தடவை படிங்க, லீ-யில நம்பருக்கு முன்னாடி சி எழுத்து இருந்தா அது காஸ் செக் மோல்டு, பிளெயின் பேஸ் இல்ல.