ஆறு ஆண்டுகளாக ஒரே கவுன்ட்டரில் மதிய உணவு

அலுவலகக் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பகுதியில், அவற்றில் ஒன்றின் தரைக்கீழ்த் தளத்தில் அந்த ஜப்பானிய உணவகம் இருக்கிறது. வாசலில் நீலத் துணித்திரை, உள்ளே பத்துப் பேர் அமரும் கவுன்ட்டர், சுவரோரம் சில மேசைகள். ஆறு ஆண்டுகளாக வாரத்துக்கு ஒரு முறையாவது அங்கே மதியம் சாப்பிட்டு வருகிறேன். அங்கே போய்வருகிற எல்லோரும் மீனின் புதுமையைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அந்த இடத்தின் உயிர் சோற்றில் இருக்கிறது.

அங்கே எந்த நேரத்தில், எங்கே அமர்ந்து சாப்பிட வேண்டும் என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுநாளானது. முதல் ஆண்டு முழுக்க மற்ற எல்லோரையும் போல 12.15 மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புரா மேசைக்கு வரும்போது மேல்மாவு நமத்திருக்கும். சமையலறையைத்தான் குறை சொன்னேன். ஒரு நாள் அலுவலகக் கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே போக, 1.40-க்குப் போனேன். அதே டெம்புரா பல்லில் மொறுமொறுவென்று உடைந்தது. எண்ணெயிலிருந்து எடுத்த டெம்புராவுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். நெரிசலில் அது தட்டிலேயே காத்துக் கிடந்து வீணாகிறது. அன்றிலிருந்து 11.30-க்குப் போகிறேன், அல்லது 1.30-க்குப் பிறகு. மேசையை விட்டுக் கவுன்ட்டருக்கு மாறியதும் அப்போதுதான்.

கவுன்ட்டரில் சுஷி, அதாவது காடி கலந்த சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்தது, ஒவ்வொன்றாக வரும். சூடான சோற்றை அகன்ற மரத்தொட்டியில் கொட்டி, அரிசிக்காடி, உப்பு, சர்க்கரை கலந்து, விசிறியபடியே கிளறுகிறார்கள். உள்ளங்கைச் சூட்டுக்கு அது இறங்கியதும் பிடிக்கிறார்கள். விரலில் எடுக்கும்போது உதிரக் கூடாது. வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். அந்தப் பிடியின் அழுத்தம் வாய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கையால் எடுத்துச் சாப்பிடுவதில் எந்தத் தவறும் இல்லை. குச்சி பழகாதவர்கள் தயங்கவே வேண்டாம். சோயா சாஸில் மீன் பக்கத்தை மட்டும் தொட வேண்டும். சோற்றைத் தோய்த்தால் அது சாஸைக் குடித்து உதிர்ந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ என்ற நகரின், அதாவது இன்றைய டோக்கியோவின், தெருக்கடைகளில் இந்தப் பிடி சுஷி பரவியது அவசரக்காரர்களின் உணவாகத்தான். நின்றபடி இரண்டு மூன்று தின்றுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஆகவே அரைமணி இடைவேளையில் இதைச் சாப்பிடுவது அதற்குச் செய்யும் அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. முன்னால் வைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் பத்து நிமிடம் கைபேசியைப் பார்ப்பதுதான் அவமரியாதை.

மூன்றாம் ஆண்டில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கூட்டத்தைச் சமாளிக்க, காலையிலேயே சுஷியைப் பெட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்கள். குளிரில் சோற்றின் மாவுச்சத்து இறுகிவிடும்; பருக்கை மணல்போல நெறுநெறுக்கும். கவுன்ட்டரில் இருந்த மூத்த சமையற்காரரிடம் நேராகவே சொன்னேன். "ஐயா, இந்தப் பெட்டி உங்கள் கைக்கு அழகில்லை." அவர் பதில் பேசவில்லை. பெட்டி விற்பனை மட்டும் மேலும் ஓர் ஆண்டு நடந்தது. பிறகு பெட்டிக்குள் சுஷிக்குப் பதிலாகப் பொரித்த கோழியும் சூட்டுச் சோறும் வந்தன. அது நல்ல முடிவு.

சூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொம்பு என்னும் கடற்பாசியையும், புகையூட்டி உலர்த்திச் சீவிய சூரை மீனையும் போட்டு எடுக்கும் தாஷி என்ற சாறுதான் அடிப்படை. இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர் 1908-இல் உமாமி என்று பெயரிட்ட சுவை, இந்தக் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து கண்டதுதான். மிசோ என்னும் நொதித்த சோயா விழுதை இறுதியில் கரைத்து, கொதிக்கவிடாமல் இறக்கினால் மணம் நிற்கும். இந்த உணவகத்தில் முற்பகலில் அது அருமையாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் அடுப்பிலேயே கிடந்து உப்புக் கரிக்கும். இன்றுவரை திருந்தாத குறை இது. சைவம் உண்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சூப்பில் மீன் துண்டு தெரியாவிட்டாலும் தாஷியில் மீன் இருக்கக்கூடும். நூடுல்ஸ் குழம்பும் டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படியே. கேட்டால் கொம்பும் காளானும் மட்டும் போட்ட சாற்றை வைத்துத் தருகிறார்கள். ஆனால் முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும்.

சுஷியோடு வரும் காரப் பசையான வசாபி விஷயத்தில் இவர்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். மதியம் தருவது குதிரை முள்ளங்கியில் செய்த பச்சைப் பசை என்று கேட்டவுடன் சொல்லிவிட்டார்கள். இரவில் உண்மையான வசாபிக் கிழங்கைக் கண்ணெதிரே துருவுகிறார்கள். அதன் காரம் மூக்கில் ஏறி உடனே இறங்கி, பின்னால் ஓர் இனிப்பை விட்டுச் செல்கிறது.

மூத்தவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். அவரிடம் நெடுங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த இளைஞர் இப்போது அந்த இடத்தில் நிற்கிறார். சில வாரங்களுக்கு முன் சோறு சற்றுக் குழைந்திருந்தது. "என்ன தம்பி, இன்று வேறு அரிசியா?" என்றேன். "புது அறுவடை அரிசி, ஐயா. ஈரம் அதிகம். தண்ணீர் அளவு இன்னும் கைக்குப் பிடிபடவில்லை" என்றார். மூன்றாம் முறை போனபோது பருக்கை தனித்தனியாக நின்றது. நான் கேட்காமலே இன்னொரு துண்டு பிடித்து வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.