சங்ககிரி கோட்டைக்கு பேக்கேஜ் பேசிப் போகிறவர்கள் கவனத்துக்கு

சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சங்ககிரி மலைக்கோட்டைக்கு ஒருநாள் வரலாற்றுச் சுற்றுலா. காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, குடிநீர், வழிகாட்டி, தொல்லியல் துறை அனுமதி, முதலுதவி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,400 ரூபாய். குதிரை மேல் தீரன் சின்னமலை படம், அதற்குக் கீழே பணம் அனுப்ப க்யூஆர் கோடு. இந்தப் பங்குனியில் அந்த விளம்பரக்காரர்களை நம்பிப் போய் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். கோடை விடுமுறை நெருங்குகிறது. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இன்னொரு குடும்பம் இவர்களிடம் போய் மாட்டக் கூடாது.

போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் என் மாமனார். காங்கேயம் பக்கத்துக்காரர். சின்னமலை பிறந்த மேலப்பாளையம் அவர் ஊருக்கு அருகில்தான். சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலையும் அவருக்குப் பழகிய இடம். ஆனால் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரியை மட்டும் அவர் பார்த்ததில்லை. எழுபதைத் தாண்டிவிட்டார், தினமும் காலையில் நடப்பவர். பணம் அனுப்புவதற்கு முன்பே அவருடைய வயதைச் சொல்லித்தான் விசாரித்தேன். "எட்டு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்கிவிடுவோம் மேடம், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். பெரியவர்களோடு தனியாக ஓர் ஆள் வருவார்" என்று உறுதி சொன்னார்கள். அதையே செய்தியாகவும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

சேலம் ஐந்து ரோட்டில் வேனில் ஏறும்போதே எண் தகடு வெள்ளையாக இருப்பதைக் கவனித்தேன். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். கேட்டதற்கு, "ஓனருடைய சொந்த வண்டி, பெர்மிட் வண்டி சர்வீஸில் நிற்கிறது" என்றார் ஓட்டுநர். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றிப் போய் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் எளிதில் கையை விரித்துவிடும். அத்தனை குடும்பங்களின் உயிரையும் அந்த வெள்ளைத் தகட்டை நம்பி ஏற்றினார்கள்.

கொண்டலாம்பட்டி தாண்டி நேரே மகுடஞ்சாவடி வழியாகப் போனால் சங்ககிரி சேலத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவுதான். வேனோ காக்காபாளையத்தில் நெடுஞ்சாலையை விட்டு இளம்பிள்ளைப் பக்கம் திரும்பியது. சிற்றுண்டி அங்கேதான் என்றார்கள். ஆறிப்போன இட்லியை ஒரு சேலைக்கடையின் மாடியில் வைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டுக் கீழே இறங்கினால் கடை திறந்திருக்கிறது, விற்பனையாளர்கள் சேலைகளை விரித்துப் போட்டுக் காத்திருக்கிறார்கள், வேனைக் காணோம். "டீசல் போடப் போயிருக்கிறது, அதுவரைக்கும் சும்மா பாருங்கள்."

அந்த டீசல் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

எங்கள் வேனில் வந்த ஓர் அம்மா இரண்டு சேலை எடுத்தார். பில் போடுகிறவர் முதலில் அவருடைய பெயரைக் கேட்கவில்லை, "எந்த வேன்?" என்றுதான் கேட்டார். ஒரு நீள நோட்டில் வேன் எண்ணை எழுதி, அதற்கு நேரே தொகையை எழுதினார். அதே பக்கத்தில் மேலே வேறு வேன்களின் எண்களும் தொகைகளும் வரிசையாக இருந்தன. நான் அருகில் நின்று பார்த்தேன். அப்போது புரிந்துவிட்டது, இந்தச் சுற்றுலாவின் வருமானம் எங்கே இருக்கிறது என்று. கோட்டை வெறும் சாக்கு. இளம்பிள்ளைத் தறிக்காரர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அங்கே நல்ல சேலை நியாய விலைக்குக் கிடைக்கிறது, நேரே போய் வாங்குங்கள். மலை ஏற வேண்டிய காலை நேரத்தைத் திருடிக் கமிஷனாக மாற்றினார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சங்ககிரி அடிவாரத்தில் இறங்கியபோது பதினொன்றரை. அங்கே அடுத்த வசூல். "தொல்லியல் துறை அனுமதிக் கட்டணம் ஆளுக்கு நூறு ரூபாய், செல்போனில் படம் எடுப்பதற்கு ஐம்பது" என்றார்கள். 1,400 ரூபாயில் அனுமதியும் அடக்கம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததே என்று கேட்டால், "அது பழைய விலை" என்று பதில். கையில் கொடுத்தது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டு. துறையின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, தேதி இல்லை. பேனாவால் எழுதிய தொகைக்குக் கீழே ஒரு கிறுக்கல். எனக்கும் மாமனாருக்கும் கொடுத்த இரண்டு சீட்டிலும் ஒரே வரிசை எண்! வாசல் அருகே இருந்த காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கே டிக்கெட்டே கிடையாதுங்க அம்மா, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்" என்றார். அதற்குள் பணம் வாங்கியவர் வேனில் ஏறிச் சாப்பாடு வாங்கப் போய்விட்டார்.

பெரியவர்களோடு வருவதாகச் சொன்ன தனி ஆள் வரவே இல்லை. வழிகாட்டி என்று வந்தவர் கல்லூரி முடித்த வயதுடைய ஒரு பையன். அந்தப் பையன் மேல் கோபம் கொள்வதில் பயனில்லை, எதையும் சொல்லிக் கொடுக்காமல் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டு என் மாமனார் துடித்துப்போனார். "இது திப்பு சுல்தான் கட்டிய கோட்டை. இங்கேதான் திப்பு, தீரன் சின்னமலையைப் பிடித்துத் தூக்கிலிட்டார்." பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். "தம்பி, அதை அடித்துவிடச் சொல்லுங்கள். திப்புவும் சின்னமலையும் ஒரே அணி. கொங்குப் படையோடு போய் திப்புவுக்காகச் சண்டை போட்டவர் அவர். திப்பு 1799ல் சீரங்கப்பட்டணத்திலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றவர் சின்னமலை. காட்டிக்கொடுத்துப் பிடித்தார்கள். 1805 ஜூலை 31ல் சகோதரர்களோடு சேர்த்து இங்கே தூக்கிலிட்டது வெள்ளைக்காரன்." விஜயநகரக் காலத்தில் எழும்பி, மைசூர் ஆட்சியில் படைத்தளமாக இருந்து, 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனி கைக்குப் போன கோட்டை இது என்பதையும் அவரே பிள்ளைகளுக்குச் சொன்னார். ஆடிப் பதினெட்டு தோறும் ஊர் ஊராக வந்து மாலை போட்டு வணங்கும் இடத்தில், கொன்றவர் பெயரையே மாற்றிச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! அதற்கு 1,400 ரூபாய் கட்டணம் வேறு.

பிறகு ஏற்றம். இந்த மலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மதிலைத் தாண்டினால் அடுத்த மதில், அதைத் தாண்டினால் இன்னொன்று என்று அடுக்கடுக்காகப் போகும். உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில், வழியில் ஒரு தர்கா. வாசல் நிழலை விட்டால் பெரும்பாலும் வெறும் பாறையும் முட்புதரும்தான். மேலே கடை கிடையாது, குழாய் கிடையாது. பங்குனி நண்பகலில் பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது. கையை ஊன்றி ஏற முடியவில்லை. இதற்கு அவர்கள் கொடுத்த குடிநீர் ஆளுக்கு ஓர் அரை லிட்டர் பாட்டில்.

பாதிகூட ஏறவில்லை. ஒரு வாசல் நிழலில் மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வியர்வை நின்று முகம் வெளுத்திருந்தது. "அம்மணி, கண் இருட்டுகிறது, நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போ" என்றார். நான் அவரை உட்கார வைத்து வழிகாட்டியைக் கூப்பிட்டேன். இளைஞர்களோடு மேலே போய்விட்டிருந்தார். முதலுதவிப் பெட்டி வேனில் இருக்கிறதாம். வேன் எங்கே என்று தெரியாது. விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தால் முதலில் மணி அடித்தது, பிறகு அணைத்து வைத்துவிட்டார்கள்.

காப்பாற்றியவர்கள் மேலிருந்து இறங்கி வந்த சில மாணவர்கள். அவர்களிடம் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டு, இரண்டு பக்கமும் தாங்கி ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். காவலாளி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். மருத்துவமனையில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடலில் நீர் வற்றிவிட்டது, இன்னும் ஏறியிருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது மாமனார் நலமாக இருக்கிறார். தூக்கிலிட்ட இடத்தில் ஒரு பூ வைக்க வேண்டும் என்று வந்தவர், பூவைப் பையிலேயே வைத்துத் திரும்பினார். அதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் பேசியபோது அவர்கள் சொன்ன பதில்: "பாதியில் இறங்கியது உங்கள் விருப்பம், பணம் திரும்பக் கிடைக்காது. ஒரு கூப்பன் தருகிறோம், ஏற்காடு பேக்கேஜில் கழித்துக்கொள்ளுங்கள்." பெரியவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சங்ககிரிக்குப் போக இவர்கள் யாரும் தேவையே இல்லை. சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஈரோடு, பவானி, கோவை பஸ்கள் நிற்கின்றன. ஊருக்குள் போகுமா, பைபாஸிலேயே போய்விடுமா என்று கேட்டு ஏறுங்கள். விடிந்ததும் ஏறத் தொடங்கும்படி கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். முடியாதவர்கள் முதல் சில வாசல்களைப் பார்த்தாலே கோட்டையின் அமைப்பு புரியும். கட்டாயம் வேன் பேசித்தான் போக வேண்டும் என்றால் மஞ்சள் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் எந்தெந்த இடத்தில் நிற்கும், எத்தனை மணிக்கு அடிவாரம் சேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொல்லியல் துறை பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் துறையின் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். ஆகவே முன்பு ஏமாந்தவர்களுக்கும் இன்னும் வழி இருக்கிறது. அன்று எங்கள் வேனில் வந்தவர்களோ, வேறு நாளில் இவர்களோடு போனவர்களோ இதைப் படித்தால், அந்த இளஞ்சிவப்புச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரிசை எண் தெரியும்படி படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.