சக்கரம் வைத்த மரத்தட்டு: நாள்பட்ட உபயோகத்தில் தெரிய வருபவை

900 × 600 மி.மீ. அளவில் 18 மி.மீ. பிளைவுட், அதன் நீளவாக்கில் அடியில் பசை தடவி இறுக்கிய 100 × 25 மி.மீ. பலகை இரண்டு, மூலைக்கொன்றாக 75 மி.மீ. காஸ்டர் (எந்தப் பக்கமும் திரும்பும்) சக்கரம். இந்த அமைப்பில் மரம் லேசில் பழுதாவதில்லை. தகராறு செய்வது சக்கரமும், அது மரத்தோடு சேரும் இடமும்தான்.

200 கிலோ ஏற்றுவதாக இருந்தால் சக்கரத்துக்கு 50 என்று நான்கால் வகுக்கக் கூடாது. தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. ஒரு சக்கரம் லேசாகத் தூக்கிக்கொள்ள, பாரம் மற்ற மூன்றில் இறங்கும். தட்டின் எடையையும் சேர்த்து மூன்றால் வகுத்தால் 70 கிலோ சொச்சம் வருகிறது. ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்குவதாக வாங்கினால் நிம்மதி.

ஸ்க்ரூ போட்டு மாட்டியது நாளாக நாளாக ஆட்டம் கொடுக்கும். நிலைப்படியில் சக்கரம் இடிக்கும்போதெல்லாம் துளை கொஞ்சம் அகலும், பிறகு எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. 8 மி.மீ. போல்ட்தான் சரி: தலை வட்டமாகவும் கழுத்து சதுரமாகவும் உள்ளதை மேலிருந்து இறக்கினால், கழுத்து மரத்தைக் கவ்விக்கொள்ளும், சுழலாது. பிளைவுட் 18, பலகை 25, சக்கரத்தின் தகடு, வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்) எல்லாம் சேர்த்து 60 மி.மீ. நீளம் போதும். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் சக்கரம் திரும்பும்போது அதில் உரசும். அறுத்து அரம் போட்டுவிட வேண்டும். மரம் காய்ந்து சுருங்குவதால் முதல் மாதக் கடைசியில் நட்டுகளை ஒருமுறை முடுக்குவது அவசியம். பிளைவுட்டுக்குப் பதில் மரத்தூளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டை நினைக்கவே வேண்டாம்.

சக்கரத்தின் தகட்டை மரத்தட்டின் விளிம்போடு ஒட்டி வைத்தால், சக்கரம் திரும்பும்போது வெளியே நீட்டி காலில் இடிக்கும். மிகவும் உள்ளே தள்ளினாலோ, ஓரத்தில் ஏறி நின்றால் தட்டு கவிழும். 30 மி.மீ. உள்ளே வைப்பது நடுத்தரமான வழி.

ரப்பர் சக்கரம் சத்தம் போடாது. ஆனால் பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், கறுப்பு ரப்பர் தரையில் கறையும் விடும். நைலான் சுலபமாக உருளும், டைல்ஸ் இடுக்குகளில் தடதடக்கும். பாலியூரிதேன் இரண்டுக்கும் நடுவில். ஆனால் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் சில ரகங்கள் சும்மா நின்றபடியே சில வருடங்களில் வெடித்து உதிர்கின்றன.

பிரேக் விஷயத்தில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. உருளுவதை மட்டும் நிறுத்தும் பிரேக் போட்டாலும் சக்கரம் இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். மேலே வேலை செய்தால் தட்டு அசையும். திரும்புவதையும் சேர்த்துப் பூட்டும் ரகத்தையே கேட்டு வாங்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும் பெடல், தட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் தொல்லை மட்டும் பெரும்பாலான ரகங்களில் போகாது.

நூலும் முடியும் அச்சில் சுற்றி இறுகினால், சக்கரம் உருளாமல் இழுபடும். அச்சு போல்ட்டாக இருந்தால் கழற்றி எடுத்து ஒரு துளி எண்ணெய் விடலாம். ரிவிட் அடித்த ரகத்தில் கத்தி முனையால் கிளறிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.