‘ஆக்ஸிஜன் அடிச்ச’ பொடிமீன் பை: கொடைக்கானலில் இருந்து தூண்டில் போடப் போகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

மலையடிவாரத்தில் தூண்டில் இரைக்கென்று உயிர்ப் பொடிமீன் விற்கிற ஒரு கடையில் நூறு கெண்டைப்பொடி கொண்ட பையை 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கூடவே ‘ஆக்ஸிஜன் உப்பு’ என்று ஒரு டப்பா, அது 180 ரூபாய். மறுநாள் விடிவதற்குள் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. அந்த வாரம் முடிவதற்குள் மற்ற கெண்டைகளும் போய்விட்டன. கடைப் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அங்கே என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் சுதாரித்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது கொடைக்கானல் நாயுடுபுரம். தூண்டில் போடுவதெல்லாம் கீழே, விரால் கிடக்கிற கண்மாய்களில், அதுவும் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான். விராலுக்கு முள்ளில் துடிக்கிற பொடிமீன் வேண்டும். செத்ததைக் கட்டினால் பெரும்பாலும் மூக்கைக்கூட நீட்டாது. ஞாயிறு விடியக்காலையில் இரைக்கு எங்கே அலைவது? அதனால் வாரத்தின் நடுவில் வாங்கிவந்து வீட்டில் வைத்திருப்பேன். ஒரு நீல டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன். ஆழம் குறைவு, மேல்பரப்பு அதிகம். காற்று தண்ணீரில் கலப்பது மேல்பரப்பில்தானே. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, பம்பு ஓடவிட்டு, பிளீச்சிங் வாடை போன பிறகுதான் மீன் விடுவது. மேலே கொசுவலை, இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும். இந்த ஏற்பாட்டில் கெண்டையும் அயிரையும் வாரக்கணக்கில் இருந்திருக்கின்றன.

சரி, கடைக்கு வருவோம். பைகளை முன்கூட்டியே கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் நல்ல நீலம். ‘மருந்து போட்டிருக்குண்ணே, நோய் அண்டாது’ என்றார் கடைக்காரர். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்குப் போடுகிற மருந்துதான், அதில் தப்பில்லை. ஆனால் அந்த நீலத்துக்குள் மீனின் நிறமும் தெரியாது, தண்ணீரின் கலங்கலும் தெரியாது. ‘ஆக்ஸிஜன் அடிச்சதா?’ என்று கேட்டேன். மூலையில் நின்ற சிலிண்டரைக் கையால் காட்டினார். எப்போது கட்டியது என்றதற்கு, ‘இப்பத்தாண்ணே, அரை மணி நேரம்கூட ஆகல.’

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்ஸிஜனும் இருந்தால், பட்டினி போட்ட குஞ்சு பல மணி நேரம் தாங்கும். வெறும் காற்றில் ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது, பை உப்பலாகத்தான் இருக்கும். மலை ஏற ஏற வெளிக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் உப்பும், நாமும் ஆகா நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பெருமாள்மலை தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து சிலவற்றை வெள்ளை டிபன் பாக்ஸில் மொண்டு பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செதில் அடிகள் சிவந்து கிடந்தன. வால் நுனி நைந்து நூல்நூலாக இருந்தது. இரண்டு மூன்று குஞ்சுகளுக்கு வாயோரத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சை. பிடிக்கும்போது கையிலும் வலையிலும் உரசி உடம்பின் வழவழப்பு போனால் அந்த இடத்தில்தான் இது ஏறும். ஏறி ஓரிரு நாளாவது ஆகியிருக்கும், கட்டிய அரை மணி நேரத்தில் வருகிற சமாச்சாரம் இல்லை. பையின் அடியில் கழிவு கயிறு கயிறாகக் கிடந்தது. கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வயிறு முட்டத் தீனி போட்டிருக்கிறார்கள். குஞ்சு கொழுகொழுவென்று தெரிய வேண்டும் அல்லவா. ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஏற்றுவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பலரும் தவறவிடுவது. நாற்றமடிக்கும் பையைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மணிக்கணக்கில் பழக்காதீர்கள். மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரைச் சற்றே புளிப்பாக வைத்திருக்கும், அதனால் கழிவில் உள்ள அம்மோனியா பெரிதாக விஷமாகாது. திறந்ததும் அந்த வாயு பறந்துவிடும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டை மட்டும் சமன் செய்து, பிறகு மீனை வலையில் அள்ளித் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள். கீழே 28 டிகிரியில் வளர்ந்ததை நம் ஊர்க் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று போட்டால் அதிலேயே சுருண்டுவிடும் என்பதால், நான் முதல் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, தானாக ஆறவிடுவேன். அன்றும் அப்படித்தான் விட்டேன்.

அந்த ‘ஆக்ஸிஜன் உப்பு’. இறால் பண்ணைகளில் போடுகிற ஆக்ஸிஜன் குருணை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, தண்ணீரில் விழுந்ததும் பொடிப்பொடியாகக் குமிழி விடும். இது ஒரு குமிழிகூட விடவில்லை. கண்ணாடி டம்ளரில் கரைத்தேன், அடியில் மண் தங்கியது. மேலே தெளிந்ததைச் சாப்பாட்டுத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள். கல் உப்பேதான். ஒரு சிட்டிகை நீலப் பொடி சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உப்பே கெடுதல் என்று சொல்லவில்லை. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் போட்டால், வண்டியில் அலுங்கி வந்த மீனுக்கு நல்லதுதான். அதை மளிகைக் கடையில் வாங்கினால் கிலோவே இருபது, இருபத்தைந்து ரூபாய்.

கடைசிவரை பிழைத்தவை எவை தெரியுமா? கெண்டையே இல்லாதவை. நூறில் கால்வாசி கம்பூசியா, அதாவது கொசு மீன். தலை தட்டை, வாய் மேல்நோக்கி இருக்கும், பெண் மீனுக்கு வயிற்றின் பின்பக்கம் கறுப்பு மச்சம். 1920களின் இறுதியில் கொசுப்புழுவை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. சுகாதாரத் துறையினர் கிணறுகளிலும் தொட்டிகளிலும் இலவசமாகவே விடுகிறார்கள். அதை எனக்குத் தலைக்கு ஆறு ரூபாய் என்று விற்றிருக்கிறார் மனுஷன். விரால் முள்ளுக்கு அது பத்தவும் பத்தாது, போதாக்குறைக்கு மற்ற குஞ்சுகளின் வாலையும் கடித்துவைக்கும்.

போய்க் கேட்டேன். ‘அது உங்க மலைத் தண்ணிண்ணே, குளிரு ஒத்துக்கல’ என்றார். மலைத் தண்ணீரில் வித்தியாசம் இருப்பது உண்மைதான். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் நூற்றுக்கு 78 பங்குபோலத்தான், அதனால் ஒரே சூட்டில் உள்ள தண்ணீர் இங்கே குறைவான ஆக்ஸிஜனைத்தான் பிடிக்கும். குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் அது கிட்டத்தட்ட ஈடாகிவிடும். ஆனால் அய்யம்பாளையத்தில் இருக்கிற என் நண்பர் அதே நாள் அதே கடையில் வாங்கிய பையும் அதே கதிதான். அவர் ஊரில் ஏது குளிர்? அதைச் சொன்னதும், ‘அப்ப அவரு தீனி அதிகமாப் போட்டிருப்பாரு’ என்று பேச்சை மாற்றினார். பேசிக்கொண்டே சிலிண்டர் பக்கம் நகர்ந்து மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தது, கண்ணாடி மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. பின்னால் ஒரு பையன் பைகளின் வாயை விரித்து வீசிக் காற்றைப் பிடித்து ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

பணம் திரும்பவில்லை. இன்னொரு பை தருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். ‘மிஞ்சினதை ஏரியில விட்டுருங்கண்ணே, புண்ணியம்’ என்றும் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். பூஞ்சை பிடித்த மீனும், எங்கிருந்தோ வந்த கம்பூசியாவும் நம் ஏரிக்கும் ஓடைக்கும் போனால் திரும்ப எடுக்க முடியாது. மிஞ்சிய இரையைக் கோழிக்குப் போடுங்கள், இல்லையென்றால் புதையுங்கள்.

அவர் தந்த சீட்டில் ‘மீன் 1’ என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இதை வைத்துக்கொண்டு யாரிடம் முறையிட? நீங்கள் வாங்கும்போது எண்ணிக்கை, வகை, தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அப்புறம், கட்டித் தொங்கும் பையைத் தொடவே தொடாதீர்கள். தொட்டியிலிருந்து உங்கள் கண்முன்னால் பிடிக்கச் சொல்லி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்து, சிலிண்டர் முள்ளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள். கிண்ணம் கொடுக்க முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நான் இப்போது டிபன் பாக்ஸைக் கையோடு கொண்டுபோகிறேன்.